நீர்மேல் ஒளிவயல்: ஜொகூர் நீர்நிலைகளும் மிதக்கும் சூரிய மின்தகடுகளும்

முன்னுரை

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் பிரிக்கும் ஜொகூர் நீரிணை குறுகிய கடற்பகுதியாகும். அதன் தென்கரையில், உட்லண்ட்ஸ் வட்டாரத்தை ஒட்டி, 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்து ஹெக்டர் பரப்பில் கடல்நீரின்மேல் சூரிய மின்தகடுகள் மிதக்கவிடப்பட்டன. அதே ஆண்டு ஜூலைத் திங்களில் சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள தெங்கே நீர்த்தேக்கத்தில் அதனினும் பன்மடங்கு பெரிய மின்நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. நிலத்தில் நிறுவப்பட்டு வந்த சூரியத் தகடுகள் நீர்நிலைகளின்மேல் ஏறிய இம்மாற்றம் ஜொகூர் மாநிலத்தின் வாசலிலேயே நிகழ்ந்துள்ளது எனலாம்.

ஜொகூரில் செம்பனைத் தோட்டங்களுக்கும் நகரங்களுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் இடையே நிலத்தின் தேவை பெருகி வருகிறது. கூலாய், செடெனாக், இஸ்கந்தர் புத்திரி ஆகிய வட்டாரங்களில் அண்மைய ஆண்டுகளில் எழுந்துள்ள தரவு மையங்கள் மின்சாரத்தையும் நீரையும் பெருமளவில் வேண்டி நிற்கின்றன. 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையொப்பமிட்ட ஜொகூர்-சிங்கப்பூர்ச் சிறப்புப் பொருளாதார மண்டல உடன்பாடு இத்தேவையை மேலும் உயர்த்தக்கூடும். இந்நிலையில், பரந்து கிடக்கும் நீர்த்தேக்கங்களின் மேற்பரப்பை மின்னாக்கத்திற்குப் பயன்படுத்தலாமா என்ற வினா இயல்பாகவே எழுகின்றது. ஆனால் அந்நீர் குடிநீர். எனவே தகடுகள் எவ்வளவு மின்சாரம் தரும் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள இயலாது. தகடுகளுக்குக் கீழேயுள்ள நீருக்கு என்ன நேரும் என்றும் கேட்க வேண்டியுள்ளது. இவ்விரு வினாக்களுக்கும் இதுவரை நடந்த சோதனைகள் தரும் விடைகளையும், அவ்விடைகள் ஜொகூருக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

அமைப்பும் இயக்கமும்

மிதக்கும் சூரிய மின்நிலையத்தின் அடிப்படை எளியது. அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் என்னும் நெகிழியால் செய்த உள்ளீடற்ற மிதவைகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுத் தெப்பம்போல் நீரில் விடப்படுகின்றன. அவற்றின்மேல் தகடுகள் சற்றே சாய்வாகப் பொருத்தப்படுகின்றன. தெப்பம் காற்றில் அலையாதிருக்க, கரையிலோ நீரடியிலோ நங்கூரமிட்டுக் கம்பிவடங்களால் கட்டப்படுகிறது. தகடுகள் தரும் நேர்மின்னோட்டம் இன்வெர்ட்டர் எனப்படும் கருவியால் மாறுமின்னோட்டமாக மாற்றப்பட்டு, மின்வடங்களின் வழியே கரைக்குக் கொண்டுவரப்படுகிறது.

நிலநடுக்கோட்டிற்கு மிக அருகிலுள்ள ஜொகூரில் சூரியன் ஆண்டு முழுவதும் ஏறத்தாழத் தலைக்கு நேராகவே செல்கிறது. ஆகவே தகடுகளை மிகுதியாகச் சாய்க்க வேண்டுவதில்லை. மழைநீர் வழிந்து தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிச் செல்வதற்குரிய சிறு சாய்வே போதுமானது.

நீர்மேல் வைப்பதால் கிட்டும் முதன்மைப் பயன் குளிர்ச்சியாகும். சூரியத் தகடு ஒளியால் இயங்குவது; வெப்பம் அதற்குப் பகை. தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேல் உயரும் ஒவ்வொரு பாகைக்கும், வழக்கமான சிலிக்கன் தகட்டின் ஆற்றல் ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைகிறது. நண்பகலில் கூரைமேலுள்ள தகடு 60 பாகையை எட்டுமாயின், அதன் ஆற்றலில் 14 விழுக்காடு வெப்பத்தாலேயே வீணாகிறது. நீர்ப்பரப்பின் குளிர்ந்த காற்று அவ்வெப்பத்தை 10 பாகை தணித்தால், 4 விழுக்காடு மீண்டும் கைக்கு வருகிறது. கட்டடங்களின் நிழலும் மரங்களின் நிழலும் நீர்நடுவே விழாமை மற்றொரு நன்மையாகும்.

வரலாற்றுச் சுருக்கம்

இத்தொழில்நுட்பம் பிறந்து இருபது ஆண்டுகள் அளவே ஆகின்றன. 2007ஆம் ஆண்டில் ஜப்பானின் அய்ச்சி மாநிலத்தில் 20 கிலோவாட் திறனுடன் ஆய்வுக்காக நிறுவப்பட்டதே இவ்வகையில் முதலாவதாகக் கருதப்படுகிறது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டம் ஒன்றின் பாசனக் குளத்தில் வணிக நோக்கில் ஒரு நிலையம் அமைந்தது. விளைநிலத்தை இழக்க விரும்பாத தோட்டக்காரர் குளத்தை நாடினார் என்பது கவனிக்கத்தக்கது. நிலத்தின் அருமையே இத்தொழில்நுட்பத்தின் தாய்.

மலேசியாவில் சிப்பாங் வட்டாரத்துச் சுங்கை லாபு நீர்ச்சுத்திகரிப்பு நிலையத்தில் 2010ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் சிறிய அளவிலான முன்னோட்டச் சோதனை நடைபெற்றது. பின்னர், சரவாக் மாநிலத்துப் பாத்தாங் ஆய் நீர்மின் அணையில் 50 மெகாவாட் மிதக்கும் நிலையம் 2024ஆம் ஆண்டின் இறுதியில் நிறைவேறியது. 2023இல் வெளியான தேசிய எரிசக்தி மாற்றத் திட்ட வரைவு, தெனாகா நேஷனல் நிறுவனத்தின் நீர்மின் அணைகளில் 2,500 மெகாவாட் அளவுக்கு மிதக்கும் தகடுகளை நிறுவும் நோக்கத்தை அறிவித்தது.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். நீர்மின் அணையில் தகடுகளை மிதக்கவிட்டால் பகலில் சூரியனும் இரவில் நீரும் மாறிமாறி மின்சாரம் தரலாம். கரையில் மின்கடத்தும் கோபுரங்களும் முன்னரே உள்ளன. ஜொகூரின் நீர்த்தேக்கங்களோ பெரும்பாலும் குடிநீர் வழங்கவும் வெள்ளத்தைத் தடுக்கவும் கட்டப்பட்டவை. பாத்தாங் ஆய் தரும் பாடம் அப்படியே இங்குப் பொருந்தாது. குடிநீர்த் தேக்கத்தில் நடந்த சோதனையே ஜொகூருக்கு நெருங்கிய முன்மாதிரியாகும். அத்தகைய சோதனை தெங்கேயில் நடந்தது.

தெங்கே சோதனைக்களம்

சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகமும் பொருளியல் வளர்ச்சிக் கழகமும் இணைந்து, 2016ஆம் ஆண்டில் தெங்கே நீர்த்தேக்கத்தில் ஒரு மெகாவாட் திறனுள்ள சோதனைக்களத்தைத் தொடங்கின. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சூரிய எரிசக்தி ஆய்வுக் கழகம் அதனை நடத்தியது. ஒரே வகைத் தெப்பத்தை நிறுவாமல், வெவ்வேறு நிறுவனங்களின் பத்து வகை அமைப்புகளை ஒரே நீரில், ஒரே வெயிலில் அருகருகே வைத்து ஒப்பிட்டதே அச்சோதனையின் சிறப்பு. ஒப்பீட்டிற்காகக் கூரைத் தகடுகளின் அளவீடுகளும் எடுக்கப்பட்டன.

சோதனை மூன்று செய்திகளைப் புலப்படுத்தியது. முதலாவது, மிதக்கும் தகடுகள் கூரைத் தகடுகளைவிட 5 முதல் 15 விழுக்காடு வரை மிகுதியாக மின்சாரம் தந்தன. இரண்டாவது, இந்நன்மை எல்லாத் தெப்பங்களுக்கும் ஒன்றுபோல் கிட்டவில்லை. தகட்டின் அடிப்பகுதி நீரை நோக்கித் திறந்திருந்த அமைப்புகள் நன்கு குளிர்ந்தன. மிதவைகள் நெருக்கமாக நீரை மூடியிருந்த அமைப்புகளில் காற்று புகாமையால் குளிர்ச்சி குறைந்தது. நீர்மேல் இருப்பதனாலேயே குளிர்ச்சி வந்துவிடாது, காற்றோட்டமே அதனைத் தருகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. மூன்றாவது, நீரின் தரத்திலும் சுற்றுப்புற உயிரினங்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை.

இம்முடிவுகளுக்குப் பின்னரே பெரிய நிலையம் கட்டப்பட்டது. செம்ப்கார்ப் நிறுவனம் அமைத்த 60 மெகாவாட் நிலையத்தை 2021 ஜூலை 14ஆம் நாள் அன்றைய பிரதமர் லீ சியன் லூங் திறந்து வைத்தார். 122,000 தகடுகள் பத்துத் தீவுகள்போல் பிரிக்கப்பட்டு 45 ஹெக்டர் பரப்பில் அமைந்தன. சோதனையில் கற்றவை கட்டமைப்பில் இடம்பெற்றன. ஈரக்காற்று உட்புகாதிருக்க இருபுறமும் கண்ணாடி கொண்ட தகடுகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மிதவைகள் உணவுப் பொருளோடு தொடர்புகொள்ளத் தக்க தரமுள்ள நெகிழியால் செய்யப்பட்டன. வெயிலும் காற்றும் நீருக்குள் செல்லத் தகடுகளுக்கிடையே இடைவெளி விடப்பட்டது. நீரில் கரைந்துள்ள உயிர்வளியின் அளவு குன்றாதிருக்கக் காற்றூட்டும் கருவிகளும் வைக்கப்பட்டன.

இறுதியிற் கூறிய இரண்டும் ஏன் தேவை என்பதை விளக்குதல் வேண்டும். நீர்ப்பரப்பை மூடினால் உள்ளே ஒளி குறைகிறது. ஒளி குறைந்தால் பாசியின் வளர்ச்சி தணிகிறது. பாசி மிகுந்த தேக்கத்திற்கு இது நன்மையாகவும் அமையலாம். ஆனால் பாசியும் நீர்த்தாவரங்களும் ஒளியைக் கொண்டே உயிர்வளியை வெளியிடுகின்றன. காற்று நீரின் மேற்பரப்பைத் தழுவும்போதும் உயிர்வளி நீரில் கலக்கிறது. இவ்விரு வழிகளும் அடைபடுமானால் நீரடியில் உயிர்வளி குன்றி, மீன்கள் நலிவதோடு, அடிமண்ணிலுள்ள இரும்பு, மாங்கனீசு முதலியன நீரில் கரையும் நிலையும் உண்டாகலாம். அவற்றை அகற்றும் சுமை சுத்திகரிப்பு நிலையத்தின்மேல் விழும். ஆகவே ஒரு தேக்கத்தில் எவ்வளவு பகுதியை மூடலாம் என்பதற்குப் பொதுவான ஒற்றை விடை இல்லை. அத்தேக்கத்தின் ஆழம், நீரோட்டம், ஏற்கெனவே உள்ள மாசு ஆகியவற்றைப் பொறுத்தே அது முடிவாகும்.

நீரிணைச் சோதனை

தெங்கே நன்னீரில் நடந்தது. ஜொகூர் நீரிணையில் சன்சீப் நிறுவனம் 2021இல் முடித்த ஐந்து மெகாவாட் நிலையமோ உவர்நீரில் அமைந்தது. 13,312 தகடுகளும் 30,000க்கு மேற்பட்ட மிதவைகளும் அதில் இடம்பெற்றன. ஆண்டொன்றுக்கு 6,022,500 யூனிட் மின்சாரம் கிடைக்கும் என மதிப்பிடப்பட்டது.

கடலில் இடர்கள் வேறு. உப்புக்காற்று உலோகத்தை அரிக்கிறது. கொட்டலசுகள் மிதவைகளில் ஒட்டி அவற்றின் எடையைக் கூட்டுகின்றன. ஏற்றவற்றமும் கப்பல்கள் எழுப்பும் அலையும் தெப்பத்தை ஓயாது அசைக்கின்றன. இவற்றோடு மனிதர் சார்ந்த ஒரு செய்தியும் உண்டு. நீரிணையின் ஜொகூர்க் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்து வாழும் ஓராங் செலேத்தார் மக்களுக்கு அந்நீரே விளைநிலம். கரையோர வளர்ச்சியால் அவர்களின் மீன்பிடி நீர் முன்னரே சுருங்கியுள்ளது. ஆகவே 'வெற்று நீர்ப்பரப்பு' என்று எதனையும் எளிதில் கூறிவிட இயலாது.

கணக்கு காட்டும் உண்மை

மிதக்கும் தகடுகளுக்கு ஆதரவாகப் பெரிதும் கூறப்படும் காரணம், அவை நீர் ஆவியாவதைத் தடுக்கும் என்பதாகும். ஜொகூருக்கு இக்காரணம் எவ்வளவு வலிமையுடையது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

திறந்த நீர்ப்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு 4 மில்லிமீட்டர் நீர் ஆவியாகிறது எனக் கொள்வோம். தெங்கே நிலையத்தின் அளவான 45 ஹெக்டரில் அது நாளொன்றுக்கு 1.8 மில்லியன் லிட்டராகும். தகடுகள் அதில் பாதியைத் தடுக்கின்றன என வைத்துக்கொண்டால், மிச்சமாவது 0.9 மில்லியன் லிட்டர். 1962ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு எடுத்துக்கொள்ளும் உரிமையுடைய நீர் 250 மில்லியன் கேலன், அதாவது 1,130 மில்லியன் லிட்டருக்கும் மேல். மிச்சமாகும் நீர் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, ஈரப்பதம் மிகுந்த ஜொகூரில் நீர்ச்சேமிப்பைக் காட்டி இத்திட்டத்தை ஆதரிப்பது வலுவற்ற வாதமாகும்.

மின்சாரத்தையும் இவ்வாறே அளக்கலாம். நீரிணை நிலையத்தின் மதிப்பீட்டை அளவுகோலாகக் கொண்டால், 60 மெகாவாட் நிலையம் ஆண்டுக்கு ஏறத்தாழ 72 மில்லியன் யூனிட் தரும். இரவையும் மழைநாளையும் சேர்த்துச் சராசரி கண்டால், அது இடைவிடாத 8 மெகாவாட்டுக்குச் சற்று மேற்பட்டது. இரவும் பகலும் 100 மெகாவாட் வேண்டும் ஒரு தரவு மையத்திற்கு ஈடுசெய்ய, தெங்கே போன்ற பன்னிரண்டு நிலையங்கள், அதாவது 540 ஹெக்டர் நீர்ப்பரப்பு தேவைப்படும். தரவு மையங்களின் பசியைத் தேக்கங்களின் முதுகில் தீர்த்துவிடலாம் என்று எண்ணுவது பொருந்தாது.

எனினும் அதே 60 மெகாவாட், பொதுப் பயனீட்டுக் கழகத்தின் ஐந்து உள்ளூர் நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களின் மின்தேவையை ஈடுசெய்யப் போதுமானது என அறிவிக்கப்பட்டது. நீரை இறைத்துச் சுத்திகரித்து வழங்க வேண்டிய மின்சாரத்தை அந்நீரின் பரப்பிலேயே விளைவிப்பது அளவுக்கு ஏற்ற பயன்பாடாகும். மின்சாரத்தை நெடுந்தொலைவு கடத்த வேண்டிய செலவும் இதில் குறைவு.

ஜொகூர்த் தேக்கங்களின் தனித்தன்மை

ஜொகூர் ஆற்றின் மேற்பகுதியிலுள்ள லிங்கியூ நீர்த்தேக்கம் 1990இல் ஜொகூரும் சிங்கப்பூரும் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாக 1995இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆற்றில் நீர் குறையும்போது தேக்கத்து நீர் திறந்துவிடப்பட்டு, கடலின் உவர்நீர் மேலேறுவதைத் தடுக்கிறது. 2015, 2016ஆம் ஆண்டுகளின் வறட்சியில் இத்தேக்கத்தின் நீரிருப்பு சரிந்து, 2016 அக்டோபரில் கொள்ளளவில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மட்டுமே எட்டியது. சுங்கை லாயாங், சுங்கை லெபாம் அணைகளின் நீரை நம்பியிருந்த ஜொகூர் மக்கள் 2015 ஆகஸ்டு முதல் குடிநீர்ப் பங்கீட்டிற்கு உள்ளாயினர்.

இவ்வரலாறு பொறியாளருக்கு ஓர் எச்சரிக்கை. நீர்மட்டம் இவ்வளவு ஏறி இறங்கும் தேக்கத்தில் நங்கூர வடங்கள் நீளவும் சுருங்கவும் தக்கனவாக இருத்தல் வேண்டும். வடம் குட்டையாயின் நீர் உயரும்போது தெப்பம் இழுபட்டு முறியும். நெடிதாயின் நீர் தாழும்போது தெப்பம் அலைந்து கரையேறிச் சேற்றில் சாயும். நீர் வற்றும் ஓரப்பகுதிகளைத் தவிர்த்து, கடும் வறட்சியிலும் ஆழம் எஞ்சும் பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது. பயன்படத்தக்க பரப்பு வரைபடத்தில் தெரிவதைவிடக் குறைவாகவே இருக்கும்.

காற்றும் கருதத்தக்கது. 2019 செப்டம்பரில் ஜப்பானின் சீபா மாநிலத்து யாமாகுரா அணையிலிருந்த 13.7 மெகாவாட் மிதக்கும் நிலையம் சூறாவளியால் நங்கூரம் பெயர்ந்து, தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து தீப்பற்றியது. நிலநடுக்கோட்டிற்கு அருகே சூறாவளி தோன்றாது என்பது பொதுக் கருத்து. ஆயினும் 2001 டிசம்பர் 27ஆம் நாள் வாமெய் என்னும் சூறாவளி ஜொகூரின் தென்கிழக்குக் கரையிலேயே ஏறியது. விடியற்காலையில் வீசும் 'சுமத்ரா' காற்று ஆண்டுதோறும் வருவது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்த பெருவெள்ளம் போன்ற காலங்களில் மரங்களும் குப்பையும் தேக்கத்தில் மிதந்து வந்து தெப்பத்தில் மோதும். வெள்ளநீர் வழிந்தோடும் மதகுப் பகுதியைத் தெப்பம் ஒருபோதும் அடைத்துவிடலாகாது.

இந்திய அனுபவம்

இந்தியாவில் 2014இல் கொல்கத்தாவின் நியூ டவுனில் 10 கிலோவாட் அளவில் தொடங்கிய சோதனை, 2017இல் கேரளத்தின் பாணாசுர சாகர் அணையில் 500 கிலோவாட்டாகவும், 2022 ஜூலையில் தெலங்கானாவின் ராமகுண்டத்தில் 100 மெகாவாட்டாகவும் வளர்ந்தது. தமிழகத்தில் தூத்துக்குடி ஸ்பிக் உரத் தொழிற்சாலையின் நீர்த்தேக்கத்தில் ஏறத்தாழ 25 மெகாவாட் நிலையம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது.

ராமகுண்டத்தில் ஆண்டுக்கு 3.25 மில்லியன் கன மீட்டர் நீர் ஆவியாகாது தடுக்கப்படும் என என்.டி.பி.சி. நிறுவனம் மதிப்பிட்டது. மழை சில திங்களே பெய்து, எஞ்சிய காலத்தில் வெயில் காயும் தக்காணத்திலும் தூத்துக்குடியிலும் ஒவ்வொரு சொட்டும் அருமையானது. நீர்ச்சேமிப்பு அங்கு உண்மையான பயன். ஆண்டு முழுவதும் மழை பெறும் ஜொகூரில் அதே தகடு வேறு காரணத்திற்காகவே நியாயம் பெறுகிறது. காட்டையும் தோட்டத்தையும் அழிக்காமல் மின்சாரம் பெறுவதே இங்குள்ள பயன். தொழில்நுட்பம் ஒன்றாயினும், அதனை ஏற்பதற்கான காரணம் மண்ணுக்கு மண் மாறுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. மிதக்கும் தகடுகள் வெப்பநாட்டில் கூரைத் தகடுகளைவிடச் சிறப்பாக இயங்கும் என்பது தெங்கே சோதனையால் உறுதியாகியுள்ளது. ஜொகூரில் நீர்ச்சேமிப்பு சிறு துணைப்பயனே. நிலத்தைக் காத்தலே முதற்பயன். விளையும் மின்சாரம் தரவு மையங்களை நிறைவுசெய்யாது. நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அது தகும்.

எல்லாவற்றிற்கும் மேலாக, ஒரு தேக்கத்தின் முடிவை இன்னொன்றுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லலாகாது. பாசியும் மாசும் மிகுந்த தேக்கம் ஒருவகை. காட்டுநடுவே அமைந்த லிங்கியூ மற்றொரு வகை. தகடுகளை இறக்குவதற்கு முன்னரே நீரின் வெப்பம், உயிர்வளி, பாசி ஆகியவற்றை மழைக்காலத்திலும் வறட்சியிலும் அளந்து வைத்தாலன்றி, பின்னர் நேரும் மாற்றம் தகடுகளால் வந்ததா பிறவற்றால் வந்ததா என்பதை எவராலும் கூற இயலாது. முன்னளவீடு இல்லாத சோதனை சோதனையாகாது.

ஜொகூர் ஆற்று நீரை இரு நாட்டு மக்களும் பருகுகின்றனர். அவ்வளவீடுகளைப் பொதுமக்கள் அறியுமாறு வெளியிடுவதே இருவரின் நம்பிக்கையையும் பெறும் வழி. தகடுகளின் ஆயுள் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அவை அகற்றப்படும் நாளில் அடியிலுள்ள நீர் முன்போலவே குடிக்கத் தக்கதாக இருக்குமாயின், சோதனை வெற்றி பெற்றது எனக் கொள்ளலாம்.